கப்பலில் வந்தவர்களும் ரயிலில் வருகிறவர்களும்

கூடூரிலிருந்து நேரே தெற்கே இறங்கும் ரயில்கள் சென்னை சென்ட்ரலைத் தொடும் முன் எங்கள் பக்கம் வழியாகத்தான் வந்தாக வேண்டும். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை. ஷாலிமாரில் கிளம்பி ஒரு பகலும் ஒரு இரவும் கழித்து வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸின் பொதுப்பெட்டியில், கழிவறைக் கதவோரம் மூட்டைமேல் உட்கார்ந்து வரும் பையன் கண்ணில் முதலில் படும் சென்னை இதுதான்: அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், சாம்பல் படிந்த ஆறு, அடுக்கி வைத்த கண்டெய்னர்கள். மெரினாவை அவன் பிறகு ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பார்ப்பான். பார்க்காமலே திரும்பிப் போகிறவர்களும் உண்டு.

அறுபது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரின் வாசல் வேறு பக்கம் இருந்தது. ராயபுரத்துக்குத் தெற்கே துறைமுகம். ரங்கூனிலிருந்து மூன்று நான்கு நாள் கடலில் வந்த கப்பல்கள் அங்கே நின்றன. தகர டிரங்குப் பெட்டி, பாய்ச்சுருள், இடுப்பில் குழந்தை என்று இறங்கியவர்கள் தமிழர்கள்தான். ஆனால் அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ்நாடு என்பது தாத்தா சொன்ன கதை. பிள்ளைகள் தங்களுக்குள் பர்மிய மொழியில் பேசிக்கொண்டார்கள்.

அவர்களுடைய தாத்தாக்கள் போன கதையை முதலில் சொல்லியாக வேண்டும். இன்று எண்ணூரில் இரும்புக் கம்பி கட்டும் அசாம் பையனின் கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

1852-ல் கீழ் பர்மாவை வெள்ளைக்காரன் பிடித்தான். ஐராவதிக் கழிமுகத்தை வயலாக்கினான். வயலுக்குக் கடன் கொடுக்க நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போனார்கள். அரிசி ஆலைக்கும் கப்பல்துறைக்கும் மூட்டை சுமக்கத் தமிழ்க் கரையிலிருந்தும் தெலுங்குக் கரையிலிருந்தும் ஆட்கள் போனார்கள். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதிதான். அதனால் பாஸ்போர்ட் கிடையாது, கப்பல் டிக்கெட் போதும். அந்த டிக்கெட்டை வாங்கிக் கொடுத்தவன் மேஸ்திரி. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி என்றால் பர்மாவுக்கு மேஸ்திரி. ஊருக்கு வந்து கையில் முன்பணம் கொடுப்பான், கப்பலேற்றுவான், ரங்கூனில் இறக்கி வேலையில் விடுவான். கூலி முதலாளியிடமிருந்து மேஸ்திரி கைக்கு வரும்; முன்பணமும் டிக்கெட்டும் சாப்பாடும் கழிந்து மிச்சம் இருந்தால் கூலிக்காரன் கைக்கு வரும்.

1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்தின் ஜனத்தொகை சுமார் 4 லட்சம். அதில் 2 லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள். ஒரு நாட்டின் தலைநகரில் அந்த நாட்டுக்காரர்களே சிறுபான்மை. வந்தவர்களுக்கு அது சாதாரணமாகத் தெரிந்திருக்கலாம். இருந்தவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்காது. இந்தியனைப் பர்மியர்கள் 'கலா' என்றார்கள். தமிழனா தெலுங்கனா வங்காளியா என்று யாரும் நின்று விசாரிக்கவில்லை. கோரங்கித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தெலுங்குக்காரர்களுக்கு மட்டும் 'கொரிங்கி' என்று தனிப் பெயர்; அதுவும் மரியாதையான பெயர் இல்லை.

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் நடந்ததை வட சென்னைக்காரர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியர்களைக் கூட்டிவந்து மூட்டை தூக்க வைத்தன. சமரசம் ஆனதும் பழைய ஆட்களையே திரும்ப எடுத்துக்கொண்டு பர்மியர்களைப் போகச் சொல்லிவிட்டன. அன்று தொடங்கிய கலவரத்தில் இந்தியக் கூலிகள் பலர் தெருவில் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். கூலியைப் பேசியவர்கள் அலுவலகத்துக்குள் இருந்தார்கள். வெளியே அடித்துக்கொண்டது மூட்டை தூக்கும் இரண்டு கூட்டம்.

"நம்ம பசங்களுக்கு வேலை இல்ல, எல்லாத்தையும் இந்திக்காரன் எடுத்துக்கிறான்" என்று டீக்கடையில் யாராவது ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரங்கூன் துறைமுகம் நினைவுக்கு வரும். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் பர்மியனும் பொய் சொல்லவில்லை.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் லட்சக்கணக்கானோர் காடு மலை வழியே நடந்தே இந்தியா வந்தார்கள். 1952-ல் வந்த 'பராசக்தி' படம் அந்தக் காலத்து ரங்கூன் குடும்பத்தின் கதைதான். போர் முடிந்து பலர் திரும்பிப் போனார்கள். மண் அப்படி விளைந்தது, வேலை அப்படி இருந்தது. ஆனால் 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததும் கதை முடிந்தது. ஆலை, வங்கி என்று தொடங்கிய தேசியமயம், 1964-ல் மளிகைக் கடை வரை வந்தது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. கடையும் போய், கையில் இருந்த காசும் போய், 3 லட்சம் பேர் அளவில் வெளியேறினார்கள். கொண்டுபோகும் நகைக்கும் பணத்துக்கும் கடும் கட்டுப்பாடு. மூன்று தலைமுறையின் சம்பாத்தியத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். கப்பலேறும் முன் தாலியைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு நின்ற பெண்களைப் பற்றி எங்கள் தெருவில் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த ஒரு வரி போதுவதில்லை.

இறங்கியவர்களை அரசு 'தாயகம் திரும்பியோர்' என்றது. ஊர், 'பர்மாக்காரங்க' என்றது. பலர் தாத்தாவின் கிராமத்தைத் தேடிப் போனார்கள். ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் பங்காளிகள் வாசலில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள், நிலத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. மறுபடி சென்னைக்கே ரயிலேறினார்கள்.

சிலர் அதற்கும் மேலே போனார்கள். பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை சென்று எல்லையை நடந்தே கடக்கப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து ராணுவம் விடவில்லை. எல்லையோரம் மோரே என்ற ஊரில் நின்றவர்கள் நின்றபடியே குடியேறிவிட்டார்கள். இன்றைக்கும் மோரேயில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது, இட்லி கிடைக்கிறது. சொந்த ஊர் எதுவென்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

சென்னையில் தங்கியவர்களுக்கு ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. அவர்கள் வந்த நேரம் வட சென்னையில் புகைபோக்கிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். எண்ணூரில் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கி டயருக்கு வளர்ந்த எம்.ஆர்.எஃப்.; விம்கோ தீப்பெட்டி ஆலை. மணலியில் 1969-ல் ஓட ஆரம்பித்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம். உள்ளே நிரந்தர வேலை எல்லாருக்கும் கிடைக்கவில்லை, ஆனால் ஆலையைச் சுற்றி ஆயிரம் வேலை இருந்தது. தவிர, தெலுங்கு பேசும் கொருக்குப்பேட்டை, செங்கல்பட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள் நிறைந்த தண்டையார்பேட்டை என்று இந்தப் பக்கமே வந்தேறிகளின் ஊர். புதிதாக வந்தவனைப் பார்த்து மூக்கைச் சுளிக்க யாருக்கும் பெரிய தகுதி இருக்கவில்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. முகாம் போட்டது, கடன் கொடுத்தது, மனை ஒதுக்கியது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காகவே 1969-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம்தான் இன்றைய ரெப்கோ வங்கி. அங்கே நகைக்கடன் வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் முதல் பாதி 'தாயகம் திரும்பியோர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்று தெரியும்? அதே 1960-களின் இறுதியில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜாஜி சாலையோரம் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள் கிடைத்தன. பர்மா பஜார். பாரின் சென்ட், ஜப்பான் டேப் ரெக்கார்டர், சிங்கப்பூர் சேலை, பிறகு வீடியோ கேசட், பிறகு சி.டி., இப்போது செல்போன் உறை. கடத்தல் சாமான் விற்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே ஊரே போய் வாங்கியது.

அந்தப் பஜாருக்கு எதிர்ச் சாரியில் செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலமானால் அத்தோ கடைகள். பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கையால் பிசைந்தது என்று பொருள் வரும். ஆரஞ்சு நிறத்தில் வெந்த நூடுல்ஸ், பொடியாகச் சீவிய கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்ப் பொடி, பூண்டு எண்ணெய். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கையாலேயே பிசைந்து தட்டில் தட்டுவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். அந்த சூப் பர்மாவில் மீன் போட்ட மொய்ங்காவாக இருந்தது. இங்கே மீனைக் கழற்றிவிட்டு, சைவக்காரனும் வந்து நிற்கும்படி செய்துவிட்டார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் அடைத்துத் தருவதை ஒரே வாயில் போட வேண்டும், கடித்துச் சாப்பிட்டால் சட்டை போச்சு. கல்யாணமான புதிதில் என் மனைவியை அங்கே கூட்டிப்போய் அந்தப் பாடம் சொல்லாமல் விட்டது என் தவறு.

உணவோடு சாமியும் வந்தது. பர்மாவில் பீலிக்கான் என்ற இடத்தில் தமிழர் கட்டி வழிபட்ட அங்காள பரமேஸ்வரியும் முனீஸ்வரரும் கப்பலில் வந்தவர்களோடு சேர்ந்து வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து பர்மாவுக்குப் போன அம்மன், பர்மா ஊர்ப் பெயரோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பினாள். இங்கே அவள் கோயில் தீமிதிக்கு வெளியூரிலிருந்தெல்லாம் பர்மாத் தமிழர்கள் கூடுவார்கள். வயதான பெண்கள் கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசியிருப்பதை அங்கே இன்னும் பார்க்கலாம்.

அவர்கள் பெயரால் ஊர்களும் உண்டாகின. மணலியை ஒட்டி சடையங்குப்பம் பக்கத்தில் ஒரு பர்மா நகர் இருக்கிறது. பூண்டி ஏரி நிரம்பி உபரி நீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு முதலில் எட்டிப்பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அகதிக்குக் கொடுக்கும் மனை பெரும்பாலும் அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கும். ஆனாலும் மனை, மனைதான். அதற்கு ஒரு பெயர், ஒரு பட்டா, ஒரு ஓட்டு.

இப்போது ரயிலில் வருகிறவனைப் பார்ப்போம்.

அவனை அனுப்பிவைத்தவனை அவன் டேக்கேதார் என்கிறான், சில ஊர்க்காரர்கள் சர்தார் என்கிறார்கள். ஊரில் அம்மா கையில் முன்பணம். ரயில் டிக்கெட். வந்து இறங்கினால் வேலை தயார். கூலி டேக்கேதார் வழியாக. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் பழைய மேஸ்திரிதான். ரங்கூனுக்குப் போனவனின் முன்பணக் கணக்கு நோட்டில் இருந்தது, இவனுடையது வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

கட்டும் இடங்களில் கம்பி கட்டுகிறான், சாரம் ஏறுகிறான். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தகடு தூக்குகிறான். கண்டெய்னர் யார்டில் சரக்கு இறக்குகிறான். ஒடிசாக்காரர்கள் காசிமேட்டுப் படகிலும் ஏறுகிறார்கள். தங்குவது தகரக் கொட்டகை வரிசையில், இல்லாவிட்டால் ஒரு அறைக்கு எட்டுப் பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்துக் கடைகளில் இதனால் சில மாற்றங்கள். கடுகெண்ணெய் வாங்கி வைக்கிறார்கள். சத்து மாவு என்றால் முன்பு குழந்தைக்குக் கொடுப்பது, இப்போது வறுத்த கடலை மாவு. மளிகைக் கடை அண்ணாச்சிக்கு ஐம்பது வரை இந்தியில் எண்ணத் தெரியும். கடைக்கு வருகிற பையனுக்கு "அண்ணா, சில்லறை இல்ல" என்று சொல்லத் தெரியும். இரண்டு பேரும் அதற்கு மேல் போவதில்லை. போன்பே வந்தபிறகு அந்தச் சில்லறைப் பேச்சும் குறைந்துவிட்டது.

பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட், வங்காளம் எல்லாம் சேர்ந்து எங்கள் வாயில் 'இந்திக்காரன்', 'வடக்கன்'. ஒடியாவும் அசாமியும் இந்தி இல்லை என்று சொன்னால் கேட்பவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். ரங்கூனின் 'கலா' என்ற சொல்லுக்கு இப்படித் தமிழில் ஒரு வார்த்தை கிடைத்தது எங்களுக்கு வெட்கமாக இருக்க வேண்டும்.

பர்மாக்காரர்கள் வந்தபோது ஆலைக்குள் போனால் சங்கம் இருந்தது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே வட சென்னையின் பின்னி மில் தொழிலாளர்களிடம். ஆயுத பூஜைக்குப் பொரி, தீபாவளிக்கு போனஸ், கேன்டீனில் டோக்கன். இன்றைக்கு வருகிறவன் வேலை செய்யும் கம்பெனிக்கு அவன் யாரென்று தெரியாது. ஒப்பந்தக்காரருக்குக் கீழே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே டேக்கேதார். வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய வேண்டும், பயணப்படி கொடுக்க வேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டாயிற்று. சட்டம் இருப்பதை நான் பார்த்த எந்தக் கொட்டகையிலும் யாரும் அறிந்திருக்கவில்லை. 2020 அக்டோபரில் தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்தது, அது நல்ல காரியம். ஆனால் கார்டு ஊரில், அம்மாவிடம்.

அப்படியானால் இவர்கள் எப்போது கண்ணில் படுகிறார்கள்? 2020 மே மாதம் பட்டார்கள். ஊரடங்கில் கூலி நின்று, சோறு நின்று, செங்குன்றம் வழியாக ஆந்திர எல்லையை நோக்கிப் பை முதுகோடு நடந்தார்கள். 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் அந்தச் சாலையோரம் நின்று தண்ணீர் பாக்கெட் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் பட்டார்கள், பீகாரிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பீகார் அரசு அதிகாரிகளே நேரில் வந்து விசாரித்துப் போனார்கள். அதே ஆண்டு ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகாவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதி 290-க்கும் மேற்பட்டோர் செத்தபோது பட்டார்கள். சென்னைக்கு வந்துகொண்டிருந்த ரயில் அது. பொதுப்பெட்டியில் வந்தவர்களுக்கு ரிசர்வேஷன் பட்டியல் கிடையாது. யார் யார் வந்தார்கள் என்பதைச் சவக்கிடங்கில் முகம் பார்த்துத்தான் எண்ண வேண்டியிருந்தது.

2025 செப்டம்பர் 30 மாலை எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அசாம்காரர்கள். நிவாரணம் அறிவித்தார்கள், உடல்களை அனுப்பி வைத்தார்கள். அந்த மின்சாரத்தில் எங்கள் வீட்டு விசிறி ஓடும். கொஞ்ச நாளில் சாரம் மறுபடி எழும்.

கப்பலில் வந்தவனைக் குடும்பமாக இறக்கினார்கள். போக்கிடம் இல்லாததால் ஊன்றினான். அவனுக்குப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தது, அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடன், கடை, பட்டா. ரயிலில் வருகிறவன் தனி ஆள். அறுவடைக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போகிறான், போகாவிட்டால் வீடியோ காலில் அக்கா சூரியனுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்துக்கொள்கிறான். திரும்பி வரும்போது வேறு சைட், வேறு ஊர். தாயகம் திரும்பியோர் என்று சொல்ல அவன் எந்த எல்லையையும் தாண்டவில்லை. இந்தியாவுக்குள்ளேயே இருப்பதுதான் அவனுக்கு வந்த வினை. இத்தனை வருஷமாக இத்தனை பேர் வந்தும் திருவொற்றியூரில் ஒரு பாட்னா நகர் இல்லை, ஒரு கட்டாக் தெரு இல்லை.

கொஞ்சம் மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பானிபூரி வண்டிக்காரர்கள் சிலர் மனைவி, பிள்ளைகளைக் கூட்டிவந்துவிட்டார்கள். மாநகராட்சிப் பள்ளியில் அந்தப் பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள். அப்பாவுக்குத் தெருப் பலகையைப் படித்துச் சொல்வது அவர்கள்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பர்மாக்காரம்மா வீட்டு மாடிக்குப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டியவர். பத்து வயதில் கப்பலில் வந்தவர். அரசு கொடுத்த மனையில் கணவர் கட்டிய வீடு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறையை ஆறு ஒடிசாப் பையன்களுக்கு விட்டிருக்கிறார். தலைக்கு இவ்வளவு என்று வாடகை. தண்ணீர் லாரிக்குத் தனிக்காசு. கறார் பேர்வழி.

"ராத்திரி பூரா போன்ல பேச்சு. தூங்கவே விடமாட்டானுங்க" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அப்போது ஒருவன் வேலை முடிந்து படியேறி வந்தான். தலைமுடியெல்லாம் சிமெண்ட்.

"ஏ தம்பி, உங்க ஊருக்கு ரயில்ல எத்தனை நாளு?"

அவன் இரண்டு விரலைக் காட்டினான். "தோ தின், அம்மா."

"எங்களுக்கு நாலு நாளு" என்றார் அந்தம்மா. என்ன நாலு நாள் என்று அவனுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போனான். அந்தம்மா எழுந்து போய், கீழே மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார். குளிக்கத் தண்ணீர் ஏற வேண்டுமே.